இரண்டு பிஸ்டலும் ஐந்நூறு கிராமும்

துப்பாக்கி என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு யார் ஞாபகம் வரும்? எனக்கு ஜெய்சங்கர். தொப்பி, கறுப்புக் கண்ணாடி சகிதம் ஓடிக்கொண்டே சுடுவார். இவர் ஒரு தடவை சுட்டால் அந்தப் பக்கம் நாலு பேர் விழுவார்கள். ட்ரிகரை எத்தனை கிராம் அழுத்தத்தில் இழுத்தார், முன் சைட் நேராக இருந்ததா என்றெல்லாம் எந்த ரசிகரும் கேட்டதில்லை.

நான் கேட்பேன். ஏனென்றால் போன வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் சாதம், சாம்பாருக்கு அடுத்தபடியாகத் தினமும் பரிமாறப்பட்டது ஒரே கேள்விதான்: ஸ்டெயரா, மொரினியா?

முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன். இது ஆளைச் சுடும் சமாசாரம் இல்லை. இரண்டுமே ஏர் பிஸ்டல். அடைத்து வைத்த காற்று, 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைப் பத்து மீட்டர் தள்ளியிருக்கும் குறிக்கு அனுப்பும். அவ்வளவுதான். 2016-ம் வருஷத்து ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ.க்கு மேல் துளையோ, 20 ஜூலுக்கு மேல் சக்தியோ இல்லாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ்கூட வேண்டாம். நான் சொல்லும் வஸ்துவின் சக்தி சுமார் ஆறு ஜூல். என் மனைவி கோபத்தில் காபி டம்ளரை மேஜையில் வைக்கும்போது அதைவிட அதிகம் வரும்.

சுடுவது என் மகள். பி.காம். முதல் வருஷம். ஸ்கூலில் என்.சி.சி.யில் ஒரு நாள் .22 ரைஃபிளைக் கையில் கொடுத்து ஐந்து குண்டு சுடச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல், "அப்பா, நான் ஷூட்டிங் கத்துக்கணும்" என்றாள். சினிமா ஷூட்டிங் என்று நினைத்து என் மனைவி உடனே மறுத்துவிட்டாள். விஷயம் புரிந்ததும் மறுபடி மறுத்தாள். மூன்றாவது தடவை மறுப்பதற்குள் நாங்கள் ரேஞ்சில் பணம் கட்டிவிட்டோம்.

நான் எடை அளவு முத்திரை ஆய்வாளராக இருந்து ரிட்டயர் ஆனவன். மளிகைக் கடை, கறிக்கடை, சந்தை என்று முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் படிக்கல்லைத் தூக்கிப் பார்த்தே சம்பளம் வாங்கியவன். என் மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். எங்கள் தெருவில் பாதிப் பேருடைய தோள் அளவு அவளுக்கு மனப்பாடம். இந்த இரண்டு தொழிலும் பிஸ்டல் வாங்கும்போது உபயோகப்படும் என்று யார் கண்டது!

இரண்டு வருஷம் மகள் ரேஞ்சின் பொதுப் பிஸ்டலில்தான் பழகினாள். ஒரு பிஸ்டல், நாலு பிள்ளைகள். எட்டு மணிக்கு ஒருத்தி, ஒன்பதுக்கு இன்னொருத்தன். முன்னால் சுட்டவன் சைட் ஸ்க்ரூவைத் தன் கண்ணுக்குத் திருகியிருப்பான். இவள் வந்து தன் கண்ணுக்குத் திருகுவாள். பொதுக் குழாயில் குடம் வைக்கிற கதைதான்.

ஒருநாள் கோச் என்னைக் கூப்பிட்டார். ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். வார்த்தைகளைக்கூட ரேஷனில் கொடுப்பவர்.

"ஸார், பொண்ணுக்குச் சொந்தப் பிஸ்டல் வாங்கிடுங்க."

"எவ்வளவு ஆகும்?"

"ரெண்டு லட்சத்தை ஒட்டி வரும். உட்கார்ந்துக்குங்க."

உட்கார்ந்தேன்.

அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். தையல் மெஷின் நின்றது. கல்யாணத்துக்கென்று நாலு வருஷமாக அவள் கட்டி வந்த சீட்டு ஒன்று அடுத்த மாசம் கைக்கு வர இருந்தது. அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"ரெண்டு லட்சமா? காத்தை அடைச்சு வச்ச டப்பாவுக்கா?" என்றாள்.

செய்தி பரவியதும் மறுநாளே மச்சினர் ஆஜர். "அத்தான், ஏமாந்துடாதீங்க! மனு பாக்கரோட பிஸ்டல் ஒரு கோடியாம். வாட்ஸ்அப்பில் வந்துச்சு" என்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு அந்தப் புரளி ஊரெல்லாம் சுற்றியது உண்மைதான். அந்தப் பெண்ணே ஒரு பேட்டியில் சிரித்துக்கொண்டு, ஒன்றரையிலிருந்து 1.85 லட்சம் வரைதான் என்று விளக்கினார். கோடி என்று கேட்ட பிறகு ரெண்டு லட்சம் என் மனைவிக்கே கொஞ்சம் சல்லிசாகத் தெரிந்தது. அந்த வகையில் மச்சினர் செய்தது உபகாரம்.

சரி, விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் எதற்கு இவ்வளவு அமளி என்று புரியாது.

பத்து மீட்டர் தூரம். குறி அட்டையின் நட்ட நடுவில் பத்து பாயிண்ட் வட்டம். அதன் குறுக்களவு 11.5 மி.மீ. உங்கள் சட்டைப் பொத்தானைப் பாருங்கள், அவ்வளவுதான். அதற்குள்ளே 'இன்னர் டென்' என்று இன்னொரு வட்டம், 5 மி.மீ. அது மிளகு. ஒரே கையை நீட்டிப் பிடித்துச் சுட வேண்டும். இன்னொரு கை ஒத்தாசைக்கு வரக்கூடாது என்பதால் அதைப் பாண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள். பாரிஸில் துருக்கிக்காரர் யூசுப் டிகெச் அப்படி நின்றதைப் பார்த்து, 'என்ன அலட்சியம்!' என்று உலகமே வியந்தது. பிஸ்டல்காரர்கள் பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் நிற்கிறார்கள். அவர் வெள்ளிப் பதக்கத்தோடு நின்றார், அதுதான் வித்தியாசம்.

எழுபத்தைந்து நிமிஷத்தில் அறுபது குண்டு. மொத்தம் 600. பிஸ்டல் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. விதிப்படி 1,500 கிராமைத் தாண்டக்கூடாது. ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை நீட்டிய கையில் வைத்துக்கொண்டு பொத்தானைக் குறி பாருங்கள். பத்தாவது விநாடியில் பொத்தான் எங்கே, நீங்கள் எங்கே என்று தெரியும்.

இன்னொரு அதிசயம். சுடுகிறவர்கள் குறியைப் பார்ப்பதே இல்லை! பிஸ்டலின் முன் சைட்டைத்தான் பார்க்கிறார்கள். குறி மங்கலாகத் தெரிந்தால் போதும். காரணம், கணக்கு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஓர் அடி. அதில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கோணல் வந்தால் பத்து மீட்டருக்கு அப்பால் குண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் போகும். பத்து, ஏழாகிவிடும். தராசு முள்ளைப் பார்க்காமல் கத்திரிக்காயைப் பார்த்துக்கொண்டே நிறுப்பவனுக்கு எடை எப்படிச் சரியாக வரும்? எனக்கு இது சட்டென்று புரிந்தது.

இனி பெண் பார்க்கும் படலம். வரன்கள் இரண்டு. எங்கள் ரேஞ்சில் மூத்த பிள்ளைகள் இருவர் வைத்திருந்தவை. ஒன்று ஆஸ்திரியாவின் ஸ்டெயர் எல்.பி.10. இன்னொன்று ஸ்விட்சர்லாந்தின் மொரினி சி.எம். 162 ஈ.ஐ. ஸ்டெயர் குடும்பத்தில் பிறகு ஈவோ 10 என்று தங்கையும் வந்துவிட்டாள். ஆனாலும் எல்.பி.10-ஐ விடாமல் வைத்திருப்பவர்கள் நிறைய.

நோட்டுப் போட்டுப் பத்துப் பொருத்தம் பார்த்தேன்.

எடை: இரண்டும் ஒரு கிலோவை ஒட்டி. குண்டு: இரண்டுக்கும் ஒன்றே. காற்று: இரண்டுக்கும் சிலிண்டரில் 200 பார் அழுத்தம். உங்கள் கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு. ஒரு தடவை நிரப்பினால் ஒரு மாட்ச்சுக்குத் தாராளமாகப் போதும். சிலிண்டருக்கு ஆயுள் பத்து வருஷம். தேதி அதன் மேலேயே அடித்திருக்கும். தாண்டினால் போட்டியில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்த விதி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. படிக்கல்லுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை முத்திரை வைக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் கடைக்காரர்கள் வந்து பார்க்க வேண்டும்.

துல்லியம்? இதுதான் முக்கியம் என்று நினைத்திருந்தேன். கோச் சிரித்தார். "ரெண்டையும் இடுக்கியில இறுக்கிக் கட்டிச் சுட்டா, ரெண்டும் ஒரே ஓட்டையிலதான் போடும். பத்து வட்டத்தை விட்டு வெளிய வராது. இடுக்கி நல்லா சுடும் ஸார். கைதான் சுடாது."

ஆக எட்டுப் பொருத்தம் சமம். மிச்சம் இரண்டு: ட்ரிகர், கிரிப்.

ட்ரிகருக்கு வருவோம். ஏர் பிஸ்டல் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் இழுவை தாங்க வேண்டும் என்பது விதி. அதற்கும் இலேசாக இருந்தால் தும்மினாலே வெடிக்கும் என்பதற்காக இருக்கலாம். போட்டிக்கு முன்னால் பிஸ்டலின் குழலை வானத்தைப் பார்க்க நிறுத்தி, ட்ரிகரில் 500 கிராம் எடையை மாட்டித் தூக்குவார்கள். எடை மேலே எழும்ப வேண்டும், ட்ரிகர் விட்டுவிடக் கூடாது. இதைக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முப்பத்தொரு வருஷம் நான் தூக்கிய அதே ஐந்நூறு கிராம்!

அந்த ஸ்டெயருக்கு மெக்கானிக்கல் ட்ரிகர். ஸ்பிரிங், இரும்புக் கொக்கி, ஸ்க்ரூ. விரலை வைத்தால் முதல் கட்டம் மெதுவாக வழுக்கிக்கொண்டு வரும். பிறகு ஒரு சுவர் தட்டுப்படும். அந்தச் சுவரில் விரலைச் சாய்த்துக் காத்திருந்து, இன்னும் ஒரு பொட்டு அழுத்தினால் டப். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஸ்க்ரூ. திருகத் தெரிந்தவனுக்கு வீணை, தெரியாதவனுக்கு வினை.

அந்த மொரினிக்கு எலெக்ட்ரானிக் ட்ரிகர். விரல் அழுத்தினால் ஒரு மின் தொடர்பு மூடும். உள்ளே இருக்கும் காந்தச் சுருள் சுத்தியை விடுவிக்கும். ஆயிரமாவது குண்டுக்கும் முதல் குண்டுக்கும் ஒரே அழுத்தம். தேயும் கொக்கி கிடையாது. ஆனால் பாட்டரி உண்டு, ஆன் - ஆஃப் சுவிட்ச் உண்டு. (ஸ்டெயரிலும் எலெக்ட்ரானிக் வகை வந்தது, மொரினியிலும் மெக்கானிக்கல் வந்தது. எங்களுக்குக் கைக்குக் கிடைத்தவை இவை.)

என் மனசு யார் பக்கம் என்று சொல்ல வேண்டுமா? தராசுக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். தட்டுத் தராசில் கோளாறு என்றால் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். சந்தையிலேயே தட்டிச் சரி செய்யலாம். எலெக்ட்ரானிக் மெஷினோ திடீரென்று எட்டு எட்டாகக் காட்டும், அல்லது ஒன்றும் காட்டாது. எனவே ஸ்டெயர்.

மச்சினரும் என் கட்சி. "டோக்கியோவை மறந்துட்டீங்களா? எலெக்ட்ரானிக்கை நம்பித்தானே அந்தப் பொண்ணு கவுந்துச்சு!"

2021 ஜூலை 25. டோக்கியோ ஒலிம்பிக்ஸ். மனு பாக்கர் நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தபோது பாதியில் பிஸ்டல் பழுதாகி, சரி செய்து திரும்ப வருவதற்குள் பொன்னான நிமிஷங்கள் போயின. மிச்சக் குண்டுகளை அவசரத்தில் சுட வேண்டியதாயிற்று. 575 எடுத்தார். கடைசியாக ஃபைனலுக்குப் போனவர் 577. இரண்டே பாயிண்ட். பன்னிரண்டாவது இடம்.

கோச் இதைக் கேட்டுவிட்டு, "முதல்ல உடைஞ்சது பாட்டரி இல்ல ஸார், லீவரு" என்றார். குண்டு போடுவதற்குத் திறக்கும் லீவர். அது மெக்கானிக்கல் சாமான். ஸ்டெயரிலும் ஒன்று உண்டு, மொரினியிலும் ஒன்று உண்டு. "அதே பொண்ணு பாரிஸ்ல வந்து நின்னுச்சே, அதைச் சொல்லுங்க" என்றார்.

2024 ஜூலை 28. அதே ஏர் பிஸ்டல் பந்தயம். வெண்கலம். ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். அதிலும் 0.1 பாயிண்ட்டில் வெள்ளி கை நழுவியது. 0.1 என்றால் அட்டையில் 0.8 மி.மீ. ஒரு ரவைப் பருக்கை. இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து இன்னொரு வெண்கலம்.

அடுத்த பொருத்தம், உதறல். காற்றுத் துப்பாக்கியானாலும் சுட்டதும் மூக்கைக் கொஞ்சம் தூக்கும். ஸ்டெயருக்குள் இதற்கென்றே ஒரு சின்ன எடையை வைத்திருக்கிறார்கள். குண்டு கிளம்பும் சமயத்தில் அது நகர்ந்து உதறலை வாங்கிக்கொள்ளும். மகள் இரண்டையும் சுட்டுப் பார்த்துவிட்டு, "ஸ்டெயர் அப்படியே நிக்குதுப்பா" என்றாள். ஸ்டெயருக்கு ஒரு மார்க்.

கிரிப்? மொரினி என்ற பெயரே கிரிப்புக்குப் பேர்போனது. மற்ற கம்பெனி பிஸ்டல்களுக்கும் மொரினி கிரிப் வாங்கி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. வால்நட் மரத்தில், விரலுக்கு விரல் பள்ளம் வைத்து, சின்னது, நடுத்தரம், பெரியது என்று அளவு வாரியாக வரும். ஸ்டெயரின் கிரிப்பை மேலே, கீழே, பக்கவாட்டில் என்று ஸ்க்ரூ வைத்துச் சாய்த்துக்கொள்ளலாம். மொரினிக்கு ஒரு மார்க், ஸ்டெயருக்கு ஒரு மார்க். நோட்டில் மறுபடி சமம்!

இரண்டு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரிடமும் இரவல் வாங்கிச் சுட்டுப் பார்த்தாள். நாற்பது நாற்பது குண்டு. முதல் வாரம் ஸ்டெயர் 362, மொரினி 363. அடுத்த வாரம் ஸ்டெயர் 364, மொரினி 362. கூட்டினேன், கழித்தேன். மொத்தத்தில் ஸ்டெயர் ஒரே ஒரு பாயிண்ட் கூட. ஒரு பாயிண்ட்டுக்காக ஒரு பிஸ்டலைத் தள்ளுவதா?

"இன்னொரு வாரம் பார்க்கலாம்பா" என்றாள் மகள்.

பார்த்தோம். அதற்கடுத்த வாரமும் பார்த்தோம். ஒரு நாள் ஸ்டெயர் ட்ரிகர் சுவர் கெட்டியாக இருக்கிறது என்பாள். இன்னொரு நாள் மொரினியின் பின் சைட் அகலம் போதவில்லை என்பாள். அந்த ஸ்க்ரூவைத் திருப்பினால் அகலம் மாறும் என்று கோச் சொன்னால், "ஆமா, ஆனா..." என்பாள். மாசம் மூன்று ஓடியது. சீட்டுப் பணம் பாங்கில் கிடந்தது. இரவல் கொடுத்த பையன் ஒருவன் என்னைக் கண்டதும் ஒதுங்கிப் போக ஆரம்பித்தான்.

நான் நோட்டைக் காட்டி, "இத்தனை பார்த்தாச்சு, ஒரு முடிவு சொல்லேம்மா" என்றேன்.

"இது ரெண்டு லட்சம்பா. அவசரப்பட முடியுமா?" என்றாள். நியாயம்தானே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கண்டுபிடித்தது என் மனைவி. ஒரு ராத்திரி ஹெம்மிங் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஏண்டி, எது நல்லதுன்னு உனக்குத் தெரியலியா, வாங்கவே பயமா இருக்கா?"

மகள் பதில் சொல்லவில்லை. ஃபேன் சத்தம் மட்டும். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள்.

"ரேஞ்ச் பிஸ்டல்ல எட்டு போச்சுன்னா, யாரோ சைட்டைத் திருகிட்டாங்கன்னு நினைச்சுக்கலாம்மா. கிரிப் எனக்குப் பெரிசுன்னு சொல்லிக்கலாம். உன் சீட்டுப் பணத்துல வாங்கின பிஸ்டல்ல எட்டு போச்சுன்னா யாரைச் சொல்றது?"

எனக்குச் சுருக்கென்றது. மூன்று மாசமாக இந்தப் பெண் தேடியது இரண்டு பிஸ்டலுக்கும் உள்ள வித்தியாசத்தை அல்ல. வாங்காமல் இருக்க ஒரு காரணத்தை.

என் மனைவி நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். "எங்க அம்மா கொடுத்த பழைய மெஷின்ல தைச்சப்ப, தையல் கோணினா மெஷின் சரியில்லேன்னு சொல்வேன். கஸ்டமரும் சரின்னு போயிடுவாங்க. புது மெஷின் வாங்கினேன். கோணினா என்ன சொல்றது? பிரிச்சு மறுபடி தைச்சேன். அப்புறம்தான் எனக்குக் கை வந்துச்சு. கோணட்டும்டி. பிரிச்சுத் தைச்சுக்கலாம்."

"ஜெயிக்கலேன்னா?"

"ரெண்டு லட்சத்துக்கு நகை வாங்கிப் போட்டா மட்டும் அது என்ன சுடவா போகுது?"

அடுத்த ஞாயிறு முதல் முறையாக என் மனைவியும் ரேஞ்சுக்கு வந்தாள். கையில் கூடை, அதில் தையல் டேப். கோச் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் இரண்டு பேரும் ஐந்து நிமிஷத்தில் ஒரே பாஷை பேசினார்கள். கோச் மகளிடம், குண்டு போடாத பிஸ்டலைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கச் சொன்னார். தூக்கி நிறுத்தி, கண்ணைத் திறக்க வேண்டும். அப்போது முன் சைட், பின் சைட்டின் பள்ளத்துக்குள் தானாக நேராக உட்கார்ந்திருந்தால் கிரிப் பொருந்துகிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் மணிக்கட்டு அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அறுபது குண்டும்.

பத்துத் தடவை ஸ்டெயர். பத்துத் தடவை மொரினி. கண்ணை மூடியிருப்பதால் சாக்குச் சொல்ல வழியில்லை. இரவல் ஸ்டெயர் அந்தப் பையனின் பெரிய கைக்குச் சரிசெய்யப்பட்டது. பத்தில் ஏழு தடவை இடது பக்கம் சாய்ந்தது. மொரினி, சின்னக் கை கொண்ட ஒரு பெண்ணுடையது. பத்தில் எட்டு தடவை நடுவில் நின்றது.

"ஸ்டெயரையும் இவளுக்குத் தகுந்த மாதிரி சாய்ச்சுடலாம்" என்றார் கோச், நேர்மையாக.

"சாய்க்கலாம். ஆல்ட்டர் பண்ணிப் போட்டுக்கறதும், அளவெடுத்துத் தைச்சதைப் போட்டுக்கறதும் ஒண்ணா ஸார்?" என்றாள் என் மனைவி.

மகள் மொரினியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "இதுதாம்மா."

என் தராசுக் கட்சி தோற்றது. எனக்கு இன்னமும் ஸ்டெயரின் அந்தச் சுவர் மேல் ஒரு காதல் உண்டு, அது வேறு விஷயம். மருமகளாக வராத பெண்ணையும் நல்ல பெண் என்று சொல்லலாம் இல்லையா?

பிஸ்டல் வந்தது. பெட்டிக்குள் கம்பெனி சுட்டு அனுப்பிய சோதனை அட்டை ஒன்று. பல குண்டு சுட்டும் பார்வைக்கு ஒரே ஓட்டை. இதைவிட மிரட்டலான கடிதத்தை நான் படித்ததில்லை. 'நான் சரியாகத்தான் இருக்கிறேன், இனி உன் பாடு' என்று சொல்லாமல் சொல்கிறது! மகள் அதைப் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறாள்.

கிரிப்பையும் சும்மா விடவில்லை. மகளின் உள்ளங்கையில் என் மனைவி தையல் சாக்கைத் தேய்த்து, கிரிப்பைப் பிடிக்கச் சொன்னாள். மரத்தில் வெள்ளை ஒட்டிய இடம் கை படும் இடம். ஒட்டாத இடம் இடைவெளி. அங்கே மரப் புட்டியை அப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி சாக். நாலு ராத்திரி இதே வேலை. விதிப்படி கிரிப் மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. அதை மட்டும் நான் ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொண்டேன். எனக்கும் ஒரு உத்தியோகம் வேண்டாமா? தவிர, பாட்டரி இலாகாவும் என்னுடையது. சட்டைப் பையில் ஒன்று, பிஸ்டல் பெட்டியில் இரண்டு, ஸ்கூட்டர் டிக்கியில் ஒன்று.

முதல் போட்டி. சோதனை மேஜையில் பிஸ்டலை ஒரு அளவுப் பெட்டிக்குள் இறக்கினார்கள்: 420க்கு 200க்கு 50 மி.மீ. அதற்குள் அடங்க வேண்டும், அடங்கியது. பிறகு அந்த 500 கிராம் எடை. ட்ரிகரில் மாட்டித் தூக்கினார்கள். எழுந்தது. விடவில்லை. நான் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றுகொண்டு, எடையின் அடியில் முத்திரை இருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். அந்த அதிகாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பழக்கம் ஸார், என்ன செய்வது!

ரேஞ்ச் பிஸ்டலில் அவளுடைய உச்சம் 547. புதுப் பிஸ்டலில், முதல் போட்டியில், 538.

ஒன்பது பாயிண்ட் குறைவு. மச்சினர் போனிலேயே, "நான் அப்பவே சொன்னேன் அத்தான், ஸ்டெயர்தான்..." என்று ஆரம்பித்தார். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

வீடு திரும்பும்போது ஆட்டோவில் மூன்று பேரும் பேசவில்லை. என் மனைவிதான் மெதுவாகக் கேட்டாள், "பிஸ்டல் எப்படிடி இருந்துச்சு?"

"பிஸ்டலுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றாள் மகள். "நாலாவது சீரிஸ்ல ரெண்டு ஏழு போட்டேன். ரெண்டுமே கை ஆடறது தெரிஞ்சும் இறக்காம இழுத்தது. இறக்கி வச்சுட்டு மறுபடி தூக்கியிருக்கணும்."

இரண்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு கணக்கு வந்து நான் கேட்டதில்லை. காற்று, வெளிச்சம், பக்கத்து லேன் பையனின் இருமல், எதுவும் அதில் இல்லை.

பிஸ்டல் வாங்க நினைக்கும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், எது உசத்தி என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டுமே உங்கள் பிள்ளையைவிட நன்றாகச் சுடும். இரவல் வாங்கியாவது கையில் கொடுங்கள். கண்ணை மூடித் தூக்கச் சொல்லுங்கள். நேராக நிற்பதை வாங்குங்கள். முக்கியமாக, வாங்கின பிறகு வருகிற முதல் ஸ்கோரைப் பார்த்து வாயைத் திறக்காதீர்கள்.

மனைவி புதுச் சீட்டு ஒன்று சேர்ந்திருக்கிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. குண்டு ஒரு டப்பா என்ன விலை என்று நேற்று அவள் கோச்சிடம் போனில் விசாரித்துக்கொண்டிருந்தது மட்டும் என் காதில் விழுந்தது.